இடது கை

எடைக்குப் போட இருந்ததைச்
சீட்டுப் பணத்தில் வாங்கினேன்.
நாகலூர்ச் சரிவில் காப்பிக்கொட்டை உலர்த்தும் களத்துக்குப் பின்னால்
தகரக் கொட்டகை.
எஸ்டியின் முன்சக்கரத்தில் மிளகுக்கொடி ஏறியிருந்தது.
அறுக்க மனமில்லாமல்
கம்பி கம்பியாய்ப் பிரித்தெடுத்தேன்.
எஸ்டேட்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆர்.சி. புத்தகத்தில் கரையான் விட்டுவைத்தது ஒரு பெயர்:
பிலவேந்திரன்.
மீதி மண்.

லைன்மேட்டில் அர்த்தநாரியின் பட்டறை.
"யாருக்கா இதை இப்படிக் கொத்துப்பரோட்டா போட்டது?"
லாரி ஹாரன். அம்பாசிடர் இண்டிகேட்டர்.
வலப்பக்கச் சைலன்சர் எஸ்டியுடையது,
இடப்பக்கம் ராஜ்தூத்திடம் கடன் வாங்கியது.
கட்டில் சட்டத்தை வளைத்து
இரண்டு மூட்டை தாங்க ஒரு கேரியர்.
சுவிட்சுகள் எல்லாம் வலது பிடியருகே,
கல்யாண மண்டப வாசலில் செருப்பு மாதிரி.
இடது பிடியில் கிளட்ச் இல்லை.
தொலைஞ்சிருக்கும் என்றான்.
தொலைந்திருக்கும் என்றேன்.
அந்த இடத்தில் ஒரு பித்தளை வளையம்,
உள்பக்கம் தோல் வைத்துத் தைத்தது.
"குடை செருகவா?"
"டீ கிளாஸ் வைக்க."
சிரித்தோம்.

நான் கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிறவள்.
பற்றைப் பார்த்து ஆளைச் சொல்வேன்.
இந்தப் பற்று அசிங்கம், திட்டுத்திட்டாய்.
ஆனால் மூன்று தடவை வைத்த பற்று.
விட்டுப்போக, மறுபடி, விட்டுப்போக, மறுபடி.
அதைப் பார்த்தேன்.
பார்த்துவிட்டும்
கிரைண்டரை நான்தான் பிடித்தேன்.
முழங்கையில் ஒரு பொறி பட்டது. ஊதிக்கொண்டேன்.

டேங்கில் ஜல்லி போட்டுக் குலுக்கி இரண்டு நாள் துரு.
வெள்ளிக்குப் போடும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில்
போல்ட்டுகளை ஊறவைத்தேன்; வீட்டில் சண்டை.
ஐந்து ரோட்டில் புது கிளட்ச் பிடி, புது கேபிள்.
ராஜ்தூத் குழாயைக் கழற்றி
எஸ்டிக்கு எஸ்டியே கொடுத்தோம்.
நாவல்பழ நிறம்.
கம்பெனியிலிருந்து நேற்று இறங்கிய மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை, அடிவாரம் தாண்டி, மேலே.
பன்னிரண்டாவது கொண்டை ஊசியில்
எதிரே பஸ்.
நான் பிடித்த பிடி சட்டென்று லேசாகி
விரலோடு வந்தது. கேபிள் அறுந்துவிட்டது.
எஞ்சின் செத்தது. பஸ்காரன் என்னென்னவோ சொன்னான்.

எஸ்டிக்கு ஒரு குணம் உண்டு.
உதைத்து எழுப்புகிற அதே இரும்புதான் கியர்.
காலால் அழுத்தினால் கிளட்சையும் அதுவே திறக்கும்.
அர்த்தநாரி சொன்னதுதான்,
சொல்லும்போது நான் தட்டுவடை செட்டில் இருந்தேன்.
அழுத்தி,
மெல்ல விட்டேன்.
நகர்ந்தது.

பதின்மூன்று. பதினான்கு.
இடது கைக்கு வேலையே இல்லை.
சும்மா பிடிமேல் கிடந்தது,
பள்ளத்தில் குலுங்கி நழுவியது.
வைத்தேன். நழுவியது.
பதினைந்தில், பலாமர நிழலில், வண்டியை நிறுத்தினேன்.
ஹாரன் ஏன் வலப்பக்கம்.
தோல் ஏன் உள்பக்கம்.
ஒரு விரலும் தேவைப்படாத வண்டியைத் தேடி,
மணிக்கட்டோடு முடிந்த கைக்கு
வளையம் செய்து,
பற்று விடவிட வைத்துக்கொண்டே இருந்தவர்.
அதையும் ஒற்றைக் கையால்தானோ.

"அர்த்தநாரி, அந்தப் பித்தளைச் சாக்கு?"
"செவ்வாய்ப்பேட்டைக்கு நேத்தே எடைக்குப் போயிருச்சுக்கா. ஏன்?"

ஏரிக்கரை டீக்கடையில் ஒருத்தர்
வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.
"அப்படியே ஒரிஜினல்!"
டீ சூடாக இருந்தது. நான் பேசவில்லை.

இறக்கத்தில்
இடது கையை மடக்கி
முன்கையை மட்டும் பிடியில் ஊன்றி ஓட்டிப் பார்த்தேன்.
மூன்று வளைவு.
அதற்குமேல் முடியவில்லை.